ஓஹி என்றார்கள், அப்புறம்? கிரேக்கப் பொதுவாக்கெடுப்பு 2015: ஒரு நிகழ்வு ஆய்வு

வாக்குச்சீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2015 ஜூலை 5, ஞாயிற்றுக்கிழமை. அன்று கிரேக்க மக்கள் கையில் வாங்கிய சீட்டில் கட்சிப் பெயரும் இல்லை, வேட்பாளர் பெயரும் இல்லை. நீளமான ஒரு கேள்வி மட்டும் இருந்தது. ஐரோப்பிய ஆணையம், ஐரோப்பிய மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம் மூன்றும் சேர்ந்து ஜூன் 25 அன்று யூரோகுரூப் (யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடும் அவை) கூட்டத்தில் வைத்த ஒப்பந்தத் திட்டத்தை ஏற்கலாமா என்று கேட்டது அந்தச் சீட்டு. திட்டம் இரண்டு ஆவணங்கள் கொண்டது என்று சொல்லி, அவற்றின் தலைப்பையும் அச்சிட்டிருந்தார்கள். ஒன்று, நடப்புத் திட்டத்தை முடிப்பதற்கும் அதற்குப் பிறகும் தேவையான சீர்திருத்தங்கள். இன்னொன்று, நாட்டின் கடன் தாங்கக்கூடியதுதானா என்ற முதற்கட்டக் கணிப்பு. விடை சொல்ல இரண்டு கட்டங்கள். மேல் கட்டத்தில் 'ஓஹி', அதாவது வேண்டாம். அதற்குக் கீழேதான் 'நே', அதாவது சரி.

ஓஹி கிரேக்கர்களுக்குச் சாதாரணச் சொல் இல்லை. 1940 அக்டோபர் 28 அன்று முசோலினியின் இறுதி எச்சரிக்கையை கிரேக்கம் மறுத்தது. அந்த நாளை இன்றும் ஆண்டுதோறும் 'ஓஹி நாள்' என்று விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அணிவகுத்துப் போவார்கள். அந்தச் சொல்லைச் சீட்டில் மேலே போட்டு, வங்கிக் கதவுகள் மூடிக் கிடந்த வாரத்தில் மக்களிடம் நீட்டினார்கள். 61.31 சதவீதம் பேர் ஓஹி என்றார்கள். வாக்களிக்க வந்தவர்கள் 62.5 சதவீதம். நாட்டின் ஒரு மாகாணத்தில்கூட 'சரி' முந்தவில்லை. அன்றிரவு ஏதென்ஸின் சின்தக்மா சதுக்கத்தில் கொடி பிடித்துக்கொண்டு ஆடினார்கள்.

எட்டே நாள். ஜூலை 13 காலை, யூரோ நாடுகளின் தலைவர்கள் ஏறக்குறைய 17 மணி நேரம் விடிய விடிய நடத்திய உச்சி மாநாட்டுக்குப் பிறகு, வாக்கெடுப்பை நடத்திய அதே பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ், மக்கள் வேண்டாம் என்று தள்ளியதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்குச் சம்மதித்தார்.

இந்தக் கதையைப் பலரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: ஒரு சின்ன நாட்டின் மக்கள் தீர்ப்பை பிரஸ்ஸல்ஸ் காலால் மிதித்தது என்று. எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த 18 நிதியமைச்சர்களும் தேர்தலில் வென்ற அரசுகளின் ஆட்கள்தான். அவர்களுக்கும் வாக்காளர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் நாடாளுமன்றம் இருந்தது. ஒரு நாட்டின் வாக்கு மற்ற நாடுகளின் வாக்கிடம் தோற்றது என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டு போகலாம், தேர்தல் என்றால் தோற்பவர் இருக்கத்தான் செய்வார். என் மனதை உறுத்துவது வேறு. அத்தனை பேருடைய வாக்கும் சேர்ந்து மோதி, பேசி, எண்ணப்பட்டு, கடைசியில் 'இந்த முடிவை எடுத்தது நான்தான், கேளுங்கள்' என்று ஒருவர் பதில் சொல்ல வேண்டிய இடம் எங்குமே இல்லை. முடிவு எடுக்கப்பட்ட அறைக்கு முகவரி கிடையாது.

கடன் வந்த வழி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கம் 2001-ல் யூரோவில் சேர்ந்தது. 2009 அக்டோபரில் ஆட்சிக்கு வந்த ஜார்ஜ் பப்பாண்ட்ரூ அரசு, முந்தைய அரசு காட்டிய பற்றாக்குறைக் கணக்கு பொய் என்று வெளியே சொன்னது. உண்மையான பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 15 சதவீதத்தைத் தாண்டியது என்று பிறகு உறுதியானது. வெளிச்சந்தையில் கடன் கிடைக்காமல் போய், 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ முதல் மீட்புக் கடன் வந்தது. அதைக் கண்காணிக்க வந்ததுதான் 'ட்ரோய்கா' என்ற மூவரணி: ஆணையம், மத்திய வங்கி, பன்னாட்டு நிதியம். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பழைய கடன்காரர்களுக்கே திரும்பிப் போனது. அந்தக் கடன்காரர்களில் பிரெஞ்சு, ஜெர்மானிய வங்கிகள் முக்கியமானவை. முதல் திட்டத்தில் குறிப்பிடத்தக்க தோல்விகள் இருந்தன என்று 2013-ல் பன்னாட்டு நிதியமே தன் மதிப்பாய்வில் ஒத்துக்கொண்டது. அதற்குள் கிரேக்கப் பொருளாதாரம் கால் பங்கு சுருங்கிவிட்டது. வேலையில்லாதோர் 27 சதவீதம்.

2015-க்கு முன்பே ஒரு வாக்கெடுப்பு பிறக்கும் முன் இறந்த கதையும் உண்டு. 2011 அக்டோபர் 31 அன்று பப்பாண்ட்ரூ, இரண்டாவது மீட்புத் திட்டத்தை மக்களிடம் கேட்கப் போவதாக அறிவித்தார். இரண்டு நாளில் கான் நகரில் ஜி-20 மாநாட்டுக்கு முன்னால் ஜெர்மனியும் பிரான்சும் அவரைக் கூப்பிட்டு நெருக்கின. யூரோவில் இருப்பதா வெளியேறுவதா என்றுதான் கேள்வி இருக்க வேண்டும் என்றார்கள். வாக்கெடுப்பு கைவிடப்பட்டது, அவரும் பதவி விலகினார். அடுத்த பிரதமராக வந்த லூகாஸ் பப்பாடெமோஸ் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் துணைத் தலைவர், எந்தத் தேர்தலிலும் நின்றவர் இல்லை. கிரேக்க நாடாளுமன்றம் அவருக்கு நம்பிக்கை வாக்கு அளித்தது, ஆகையால் சட்டப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவில் இருந்தவர்கள் பார்த்தது, தாங்கள் வாக்களித்த ஆள் போய் கடன்காரர் வீட்டு ஆள் வந்ததைத்தான். சிப்ராஸின் இடதுசாரிக் கட்சியான சிரிசாவின் எழுச்சியை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. 2015 ஜனவரி 25 தேர்தலில் சிரிசா 36.3 சதவீத வாக்கோடு 149 இடங்களைப் பிடித்தது. அறுதிப் பெரும்பான்மைக்கு இரண்டு குறைவு, ஒரு சிறு வலதுசாரிக் கட்சியோடு கூட்டணி வைத்து சிப்ராஸ் பிரதமரானார்.

தேர்தல் முடிந்த சில நாளில் ஆணையத்தின் தலைவர் ஜான்-குளோத் யுங்கர் ஒரு பிரெஞ்சு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார். ஐரோப்பிய ஒப்பந்தங்களுக்கு எதிராக ஜனநாயகத் தேர்வு என்று ஒன்று இருக்க முடியாது என்பது அவர் சொன்னதின் சாரம். அதை ஆணவம் என்று திட்டியவர்கள் நிறைய. நான் அதைக் கொஞ்சம் வேறு மாதிரி வாசிக்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு அதை மதிக்க வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் 2010-க்குப் பிறகு கிரேக்கத்தை ஆண்டது ஒப்பந்தங்களா என்றால், பெரும்பாலும் இல்லை. ஆண்டது யூரோகுரூப்.

முகவரி இல்லாத அறை

யூரோகுரூப் என்பது யூரோ நாடுகளின் நிதியமைச்சர்கள் மாதம் ஒருமுறை போலக் கூடும் அவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தமான லிஸ்பன் ஒப்பந்தத்தின் 14-ம் நெறிமுறை அதைப் பற்றிப் பேசுகிறது. மொத்தமே இரண்டு சிறு பிரிவுகள். அமைச்சர்கள் 'முறைசாரா வகையில்' கூடுவார்கள் என்கிறது ஒன்று. இரண்டரை ஆண்டுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்கிறது மற்றொன்று. அவ்வளவுதான். என்னென்ன அதிகாரம், வாக்கெடுப்பு எப்படி, பதிவேடு யார் எழுதுவது, யாருக்குப் பதில் சொல்வது, எதுவும் இல்லை. ஒரு நாட்டின் ஓய்வூதியம் எவ்வளவு குறைய வேண்டும் என்று பேசிய இடத்தின் நடவடிக்கைக் குறிப்பு அந்நாட்டு மக்களுக்குக் கிடைக்கவில்லை. நிதியமைச்சராக இருந்த யானிஸ் வருஃபாகிஸ் தானே கூட்டங்களைப் பதிவு செய்து வைத்துக்கொண்டார். அந்த ஒலிப்பதிவுகள் 2020-ல்தான் வெளியே வந்தன.

2015 ஜூன் 27, சனிக்கிழமை. முந்தைய நள்ளிரவில்தான் சிப்ராஸ் தொலைக்காட்சியில் வாக்கெடுப்பை அறிவித்திருந்தார். யூரோகுரூப் கூடியது. மீட்புத் திட்டம் ஜூன் 30-ல் காலாவதியாகிறது, வாக்கெடுப்பு முடியும்வரை கொஞ்சம் நீட்டுங்கள் என்று கிரேக்கம் கேட்டது. மறுத்தார்கள். தலைவர் யூரூன் டைசல்ப்ளூம் கிரேக்கத்தின் ஒப்புதல் இல்லாமலே ஒரு அறிக்கை வெளியிடப் போவதாகச் சொன்னார், பிறகு 18 அமைச்சர்கள் மட்டும் தனியாகப் பேசுவார்கள் என்றும் சொன்னார். ஒருமித்த முடிவு இல்லாமல் அறிக்கை விடலாமா, ஒரு உறுப்பு நாட்டை வெளியே வைக்கலாமா என்று செயலகத்திடம் சட்டக் கருத்து கேட்டதாக வருஃபாகிஸ் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும்படி கிடைத்த பதில் இதுதான்: யூரோகுரூப் முறைசாரா அமைப்பு, ஒப்பந்தங்களோ எழுத்து விதிகளோ அதைக் கட்டுப்படுத்தாது.

இதை அவர் தரப்புக் கூற்றாகவே எடுத்துக்கொள்வோம். ஆனால் 14-ம் நெறிமுறையைப் படித்தால் அந்தப் பதிலில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வயிற்றைப் பிசைவது அதுதான். விதியை மீறியிருந்தால் வழக்குப் போடலாம், மீறுவதற்கே அங்கே விதி இல்லையே.

60 யூரோ

ஜூன் 28, ஞாயிறு. ஐரோப்பிய மத்திய வங்கி, கிரேக்க வங்கிகளுக்குப் போய்க்கொண்டிருந்த அவசரகாலக் கடனின் உச்சவரம்பை அப்படியே நிறுத்தியது. அதுவரை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி வந்தார்கள். வரம்பு சுமார் 89 பில்லியன் யூரோவில் நின்றது. மக்களோ பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமை வங்கிகள் திறக்கவில்லை. ஏடிஎம்மில் ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு 60 யூரோ. இருபது யூரோ நோட்டு தீர்ந்துபோன இயந்திரங்களில் ஐம்பதுதான் வரும், அப்போது 60 என்ற வரம்பு ஐம்பதாகிவிடும். ஓய்வூதியம் வாங்கும் முதியவர்களில் பலரிடம் ஏடிஎம் அட்டையே இல்லை. அவர்களுக்காக ஜூலை 1 அன்று சுமார் ஆயிரம் கிளைகளை மட்டும் திறந்து, வாரத்துக்கு 120 யூரோ கொடுத்தார்கள். விடியும் முன்பே வந்து வெயிலில் நின்றவர்களின் படங்கள் அந்த வாரம் உலகம் முழுக்கப் போயின. இந்த வாரத்துக்குள்தான் அந்த இரண்டு ஆவணங்களைப் படித்து முடிவு சொல்லும்படி அவர்களைக் கேட்டார்கள்.

மத்திய வங்கியின் தரப்பையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒப்பந்தப்படி அது சுயேச்சையானது, எந்த அரசின் உத்தரவையும் கேட்கக் கூடாது. கடனைத் தீர்க்கத் திறமுள்ள வங்கிக்கே அவசரக் கடன் தரலாம். கிரேக்க வங்கிகளின் திறமோ அரசின் திறத்தைச் சார்ந்திருந்தது, மீட்புத் திட்டம் முடிகிற அரசை நம்பி எப்படிக் கொடுப்பது? முழுக்க நிறுத்தாமல் வரம்பை மட்டும் நிறுத்தியது பொறுமை என்றும் வாதிடலாம். எல்லாம் சரி. ஆனாலும், வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஒரு நாட்டின் பணக் குழாயைத் திருகுவது அரசியல் செயல் ஆகாமல் போக வழியே இல்லை. திருகினாலும் அரசியல், திறந்தே விட்டாலும் அரசியல். அப்படிப்பட்ட முடிவை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத அமைப்பின் தலையில் வைத்ததே முதல் பிழை. அதற்கு மற்ற அரசுகள்தான் பொறுப்பு. தாங்கள் எடுக்க வேண்டிய முடிவை வங்கியின் விதிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள்.

மற்ற வாக்காளர்கள்

ஜெர்மானிய நிதியமைச்சர் வொல்ஃப்காங் ஷாய்பிளவை அசுரனாகக் காட்டுவது எளிது. அவர் கையையும் வாக்காளர்கள் கட்டியிருந்தார்கள். ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது: வரவுசெலவு மீதான அதிகாரத்தை நாடாளுமன்றம் வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது, ஒவ்வொரு பெரிய உதவிக்கும் அதன் ஒப்புதல் வேண்டும். அதன்படி ஜூலை 17 அன்று கிரேக்கத்தோடு புதிதாகப் பேச்சு தொடங்கலாமா என்று ஜெர்மானிய நாடாளுமன்றம் வாக்களித்தது. 439 ஆதரவு, 119 எதிர்ப்பு, 40 பேர் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கினார்கள். மற்ற நாடுகளுக்கும் இதே நிலை. 2011 அக்டோபரில் ஸ்லோவாக்கியாவில் மீட்பு நிதியை விரிவாக்கும் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் தோற்று, பிரதமர் இவெட்டா ராடிசோவாவின் ஆட்சியே கவிழ்ந்தது. பால்டிக் நாடுகளின் ஓய்வூதியம் கிரேக்க ஓய்வூதியத்தைவிடக் குறைவு. அங்கே இருந்த ஒரு அமைச்சர், தன் ஊர் முதியவர் வரியில் கிரேக்க முதியவருக்குக் கொடுக்கச் சொல்லி எந்த முகத்தோடு கேட்பார்?

இந்தக் கேள்விகள் எல்லாம் நேர்மையானவை. ஸ்லோவாக்கியர் கேட்டதும் நியாயம், கிரேக்கர் கேட்டதும் நியாயம். ஒருவர் கேட்பதை மற்றவர் கேட்கும்படி ஓர் அவை இருந்ததா என்பதுதான் பிரச்சினை. ஐரோப்பிய நாடாளுமன்றம் இருக்கிறது, நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் மீட்பு நிதி ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு வெளியே அரசுகளுக்கு இடையிலான தனி ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்தப் பணத்தைப் பற்றி முடிவெடுக்க அதற்கு வாக்கே இல்லை. அந்த நிதியில் வாக்கு பங்கு அளவைப் பொறுத்தது. ஜெர்மனியின் பங்கு சுமார் 27 சதவீதம். அவசர முடிவுக்கு 85 சதவீதம் வேண்டும் என்ற விதியால் ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி மூன்றுக்கும் தனித்தனியே தடுக்கும் வலு உண்டு. ஆளுக்கு ஒரு வாக்கு என்றில்லாமல் யூரோவுக்கு இவ்வளவு வாக்கு என்று எண்ணும் இடம் அது. கம்பெனிப் பங்குதாரர் கூட்டத்தில் அப்படி எண்ணலாம். ஓய்வூதியம் பற்றிய முடிவை அங்கே எடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாலும் ரொட்டியும்

ஜூலை 12 தேதியிட்ட உச்சி மாநாட்டு அறிக்கையை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். 19 நாடுகளின் தலைவர்கள் விடிய விடிய உட்கார்ந்து எழுதியது. அதில் ஞாயிற்றுக்கிழமைக் கடை திறப்பு இருக்கிறது. மருந்துக்கடை யார் வைக்கலாம் என்பது இருக்கிறது. பால் இருக்கிறது, ரொட்டிக்கடை இருக்கிறது. 50 பில்லியன் யூரோ அளவுக்கு அரசுச் சொத்துகளைச் சேர்த்துத் தனியார்மயமாக்க ஒரு நிதியம் இருக்கிறது. வரி, ஓய்வூதியச் சட்டங்களை மூன்று நாளில், ஜூலை 15-க்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற கெடு இருக்கிறது. இவற்றில் சில நல்ல சீர்திருத்தங்களாகவும் இருக்கலாம், அது இங்கே விஷயமில்லை.

எல்லாவற்றையும் விட ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. சம்பந்தப்பட்ட துறைகளில் எந்தச் சட்ட வரைவையும் பொதுமக்கள் கருத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ கொண்டுபோவதற்கு முன்னால், போதிய அவகாசத்தோடு மூவரணியிடம் கலந்துபேசி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது அது. மக்களுக்கு முன்னால், நாடாளுமன்றத்துக்கு முன்னால். கடன் கொடுத்தவர் கணக்குக் கேட்பது வேறு. சட்டம் பிறக்கும் வரிசையிலேயே தன்னை முதலில் வைத்துக்கொள்வது வேறு. கிரேக்க நாடாளுமன்றம் ஜூலை 15 இரவு 229-க்கு 64 என்று இதை ஏற்றது. சிரிசா உறுப்பினர்கள் 32 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அவர்களில் அவைத் தலைவர் ஸோயி கொன்ஸ்தந்தொபுலுவும் ஒருவர்.

இந்த இடத்தில் சிப்ராஸின் பங்கையும் விடக்கூடாது. அவர் கேட்ட கேள்வியே தப்பு. ஜூன் 30-ல் திட்டம் காலாவதியானதும், சீட்டில் இருந்த ஒப்பந்தம் மேஜையிலிருந்து போய்விட்டது. இல்லாத ஒன்றுக்குத்தான் ஜூலை 5-ல் மக்கள் பதில் சொன்னார்கள். அறிவிப்புக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே எட்டு நாள்தான். இரண்டு வாரமாவது வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத தனி மனித உரிமை அமைப்பான ஐரோப்பா கவுன்சிலின் (Council of Europe) தலைமைச் செயலாளரே சொன்னார். வேண்டாம் என்றால் அடுத்து என்ன என்பதற்கு அரசிடம் தயாரான வழி இல்லை. யூரோவை விட்டு வெளியேற மக்கள் விரும்பவில்லை என்று அவருக்குத் தெரியும். வாக்கெடுப்புக்கு மறுநாள் வருஃபாகிஸ் பதவி விலகினார். மூடிய வங்கிகளுக்கு முன்னால் நின்று துணிச்சலோடு ஓஹி போட்ட 35 லட்சம் பேருக்கும், அந்தச் சொல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியது சிப்ராஸின் கடமை. சொல்லவில்லை.

அதன் பிறகு

ஆகஸ்ட் 14 அன்று 86 பில்லியன் யூரோ வரையிலான மூன்றாவது திட்டம் கிரேக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. செப்டம்பர் 20 தேர்தலில் சிரிசாவே மறுபடி வென்றது. இதைக் காட்டி, மக்கள் கடைசியில் ஒப்புக்கொண்டார்களே என்று சொல்பவர்கள் உண்டு. அன்று வாக்களிக்க வந்தவர்கள் 56.6 சதவீதம்தான், ஜனவரியைவிட ஏழு புள்ளி குறைவு. எந்தக் கட்சி வந்தாலும் அதே ஆவணம்தான் ஆளப் போகிறது என்று தெரிந்த பிறகு நடந்த தேர்தல் அது. திட்டம் 2018 ஆகஸ்டில் முடிந்தது. பணக் கட்டுப்பாடுகளின் கடைசி மிச்சம் நீங்க 2019 செப்டம்பர் ஆனது.

யூரோகுரூப் பற்றிய கேள்வி கடைசியில் நீதிமன்றத்துக்கும் போனது. கொண்டுபோனவர்கள் கிரேக்கர்கள் இல்லை, 2013-ல் சைப்ரஸ் மீட்பின்போது இரண்டு பெரிய வங்கிகளில் போட்ட பணத்தை இழந்தவர்கள். அந்த முடிவின் பின்னால் யூரோகுரூப் இருந்தது, ஆகவே நட்டஈடு வேண்டும் என்றார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் வாதத்துக்குக் கதவைத் திறந்தது. மேல்முறையீட்டில் 2020 டிசம்பர் 16 அன்று லக்சம்பர்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: யூரோகுரூப் ஒன்றியத்தின் அமைப்பு அல்ல, முறைசாராக் கூட்டம், அதன் மேல் நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. வேண்டுமானால் அது ஒத்துக்கொண்டதைச் செயல்படுத்திய ஆணையத்தின் மீதோ மத்திய வங்கியின் மீதோ வழக்குத் தொடரலாம் என்றார்கள். சைப்ரஸ்காரர்கள் அந்த வழியிலும் கேட்டிருந்தார்கள். அந்தக் கோரிக்கைகளும் தள்ளுபடியாயின.